சீன எனாமல் தூபக்காலின் தாய்ப்பத்திரம் எங்கே?

கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு உதவும். ஓர் ஏலப் பட்டியலில் சீன எனாமல் தூபக்கால் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். நீலப் பின்னணி, தாமரைக் கொடி, யானைத் தலை வடிவில் மூன்று கால்கள், அடியில் மிங் வம்சத்து ஜிங்தாய் பேரரசரின் முத்திரை. கீழே கைமாறிய வரலாறு என்று மூன்றே வரி: பெய்ஜிங் கோடைக்கால அரண்மனையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது; 1860களிலிருந்து ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில்; பிறகு வாரிசுகளிடம். இதில் எதை நம்பலாம், ஒரு தூபக்காலுக்கு யார் யார் வைத்திருந்தார்கள் என்ற கதை எதற்கு என்று கேட்டிருந்தீர்கள்.

சட்டென்று பதில் வேண்டுமென்றால் இதுதான்: முத்திரையை நம்ப வேண்டியதில்லை. ஆங்கிலேயக் குடும்பத்தை, காகிதம் இருந்தால், நம்பலாம். அரண்மனை என்ற அந்த முதல் வரியில்தான் எல்லாம் சிக்கியிருக்கிறது, அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

எனாமல் என்றதும் நமக்கு நீல விளிம்பு வைத்த வெள்ளைத் தட்டும் ஆஸ்பத்திரிக் கிண்ணமும்தான் ஞாபகம் வரும். இதுவும் அடிப்படையில் அதே சங்கதி, உலோகத்தின் மேல் கண்ணாடியை உருக்கிப் பிடிக்க வைப்பது. ஆனால் வேலைப்பாடு வேறு. செம்பு அல்லது வெண்கலப் பாத்திரத்தின் மேல் மெல்லிய உலோகக் கம்பியை விளிம்பில் நிற்கிற மாதிரி நிறுத்தி, பூவும் கொடியுமாக வளைத்துச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிப்பார்கள். அந்த அறைகளில் வண்ணக் கண்ணாடித் தூளைக் குழைத்து நிரப்பி, சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்குவார்கள். உருகியதும் மட்டம் இறங்கிவிடும், அதனால் மறுபடி நிரப்பி மறுபடி சூளையில் வைக்க வேண்டும், இப்படிப் பல தடவை. கடைசியில் தேய்த்து மட்டமாக்கி, வெளியே தெரிகிற கம்பிக்கும் விளிம்புக்கும் தங்க முலாம் பூசுவார்கள். பிரெஞ்சில் இதற்கு க்ளுவாசோனே என்று பெயர், தடுத்துப் பிரித்தது என்று அர்த்தம். சீனர்கள் இன்று சொல்வது ஜிங்தாய்லான், அதாவது 'ஜிங்தாய் நீலம்'. பெயரிலேயே வில்லங்கம் ஆரம்பித்துவிட்டது பாருங்கள்.

ஜிங்தாய் சீனாவை ஆண்டது ஏழெட்டு வருஷம்தான். 1449இல் அண்ணன் பேரரசர் மங்கோலியரிடம் போரில் பிடிபட, தம்பியை அரியணையில் உட்கார வைத்தார்கள். 1457இல் அண்ணன் திரும்ப அதைப் பிடுங்கிக்கொண்டார். இந்தக் குறுகிய காலத்தில் எனாமல் கலை உச்சத்துக்குப் போனது என்ற பேச்சு பிற்காலத்தில் கிளம்பியது. சேகரிப்பவர்களுக்கு ஜிங்தாய் என்ற பெயரே தர முத்திரை ஆகிவிட்டது. அப்புறம் என்ன, கேட்கிற ஆள் இருந்தால் செய்கிற ஆளும் இருப்பான். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை செய்த பொருட்களில் இந்த முத்திரையைக் காணலாம். ஏழு வருஷத்தில் இத்தனை செய்திருந்தால் அந்த மனிதர் வேறு எதையுமே கவனித்திருக்க முடியாது!

இதைவிடக் குழப்பமான ஒன்றும் உண்டு. சில தூபக்கால்களின் உடல் உண்மையிலேயே பழைய மிங் காலத்து வேலையாக இருக்கும், ஆனால் கால், கைப்பிடி, மூடி, அடித்தகடு எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. அடியில் முத்திரை வெட்டிய தனித் தகடு ஒன்றை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். 1962இல் வெளிவந்த ஹாரி கார்னரின் ஆய்வு இந்த ஒட்டுவேலைகளை விரிவாகப் பேசியது. அதற்குப் பிறகு விவரம் தெரிந்த யாரும் ஜிங்தாய் முத்திரையை வைத்துக் காலம் சொல்வதில்லை. நிச்சயமான காலக்குறிப்போடு கிடைக்கிற பழைய பொருட்கள் அதற்கும் சற்று முந்தைய சுவாந்தே பேரரசர் காலத்தவை (1426–1435). பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் டிராகன் ஜாடி அதற்கு நல்ல உதாரணம். அதில் முத்திரையோடு, அதைச் செய்வித்த அரண்மனை அலுவலகத்தின் பெயரும் இருக்கிறது.

முத்திரை வேண்டாம் என்றால் எதைப் பார்ப்பது? நிறத்தைப் பாருங்கள். நல்ல ரோஜா நிறம், அதாவது ஒரே சீரான இளஞ்சிவப்பு எங்கேயாவது தெரிந்தால் அது தங்கத்திலிருந்து எடுக்கிற நிறம். சீன எனாமலில் அது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பியத் தொடர்பால் வந்தது. மிங் கைவினைஞர்கள் அந்தச் சாயல் வேண்டுமென்றால் சிவப்புத் தூளையும் வெள்ளைத் தூளையும் கலந்து போட்டார்கள், கிட்டத்தில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இன்னொன்று கம்பி. மிங் காலத்துக் கம்பி அடித்துத் தட்டையாக்கியது, நீளவாக்கில் பிளந்து கிடப்பதும் உண்டு. அதை உடலோடு பற்றவைத்தார்கள், சுடும்போது குமிழி கிளம்பி எனாமலில் ஊசித்துளை விழுந்தது, அந்தத் துளையை வண்ண மெழுகால் மூடினார்கள். மிங்குக்குப் பின் வந்த சிங் வம்சக் காலத்தில் ஓர் ஆர்க்கிட் செடியின் கிழங்குப் பசையால் கம்பியை ஒட்டிச் சுட ஆரம்பித்தார்கள், பரப்பு வழவழப்பானது. ஆக, ஐநூறு வருஷப் பொருள் என்று சொல்லி ஒரு துளைகூட இல்லாமல் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நானே ஏமாந்தவன்தான். பல வருஷம் முன்பு சிங்கப்பூரில் ஒரு கடையில் சின்னதாக ஒரு மூன்றுகால் தூபக்கால் வாங்கினேன், அடியில் இதே ஜிங்தாய் முத்திரை. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் தாமரை இதழ் முழுக்க ரோஜா நிறம். எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியும், கடையில் நிற்கும்போதுதான் தெரியாமல் போய்விட்டது.

சரி, அரண்மனைக்கு வருவோம். சீன அரண்மனையில் தூபக்கால் வெறும் அலங்காரம் கிடையாது. அரியணையின் இருபுறமும் லூதுவான் என்ற கற்பனை மிருகத்தின் வடிவில் ஜோடியாக வைப்பார்கள், தலை மூடியாகத் திறக்கும், உள்ளே தூபம் வைத்தால் வாய் வழியே புகை வரும். அந்த மிருகம் ஒரே நாளில் 18,000 லீ (பழைய சீன நீள அளவு) தூரம் போகும், எல்லா மொழியும் பேசும், நல்ல அரசன் ஆளும் இடத்தில் மட்டும் தோன்றும் என்பது ஐதீகம். பலிபீடத்துக்கு என்றால் ஐந்து பொருள் கொண்ட தொகுதி: நடுவில் தூபக்கால், இருபுறமும் இரண்டு மெழுகுவர்த்தித் தண்டு, இரண்டு பூ ஜாடி. இன்று சந்தையில் ஒண்டியாக நிற்கும் தூபக்கால்களில் சில இப்படிக் குடும்பத்தைப் பிரிந்து வந்தவைதான்.

இவை அரண்மனையிலிருந்து எப்படி வெளியே வந்தன என்பதற்கு ஒரே ஒரு பதில் இல்லை, பட்டியல் எழுதுபவர்களுக்கு வசதி செய்து கொடுப்பதும் அதுதான். பேரரசர் பரிசாகக் கொடுத்தது உண்டு. 1793இல் சியன்லோங் பேரரசரைப் பார்க்கப் போன பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி (அதற்கு முன் நம் சென்னைக்குக் கவர்னராக இருந்த அதே ஆள்) பரிசுகளோடுதான் திரும்பினார். வம்சம் கவிழ்ந்த பிறகு அரச குடும்பத்தாரே விற்றதும் உண்டு. 1860 போரில் தோற்ற சீனாவின் சார்பில் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவர் இளவரசர் கோங். அவருடைய பேரன் 1912இல் மாளிகைச் சேகரிப்பை யமனாக்கா என்ற ஜப்பானிய வணிகரிடம் விற்றார், அடுத்த வருஷமே அது நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. கடைசிப் பேரரசர் பூயி அரண்மனைப் பொருட்களை வங்கியில் அடகு வைத்தார். அரண்மனை வேலைக்காரர்கள் திருடியதும் நடந்தது. ஆகவே, அரண்மனைப் பொருள் என்ற ஒரே காரணத்துக்காகக் கொள்ளைப் பொருள் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் பட்டியலில் 'கோடைக்கால அரண்மனை' என்றும் '1860கள்' என்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால், அதற்கு ஒரே அர்த்தம்தான். இரண்டாம் அபினிப் போரின் முடிவில், 1860 அக்டோபர் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படையும் பிரிட்டிஷ் படையும் யுவான்மிங்யுவான் என்ற அந்தக் கோடைக்கால அரண்மனைக்குள் புகுந்து கொள்ளையடித்தன. தூதுபோனவர்களைச் சீனர்கள் பிடித்து, அவர்களில் பலர் சிறையில் இறந்ததற்குத் தண்டனை என்று சொல்லி, பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு அக்டோபர் 18 அன்று அரண்மனையைக் கொளுத்த உத்தரவிட்டார். பிரிட்டிஷ் தரப்பில் கொள்ளையைக்கூட முறைப்படி செய்தார்கள்: கிடைத்ததைச் சேர்த்து, படைக்குள்ளேயே ஏலம் விட்டு, வந்த பணத்தைப் பதவி வாரியாகப் பங்கு போட்டார்கள். அதிகாரிகள் பணம் கொடுத்து ஏலத்தில் 'வாங்கிய' பொருள் என்பதால் அவர்கள் மனசாட்சிக்கு அது வாங்கிய பொருள்தான். அங்கே கிடைத்த ஒரு சின்ன நாய்க்குட்டியை விக்டோரியா ராணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கு 'லூட்டி' என்று பெயரும் வைத்தார்கள்! லூட் என்ற சொல்லே இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அந்தப் படையெடுப்பில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவும் இருந்தது, 'பீக்கிங் 1860' அவர்கள் பெற்ற போர்க் கௌரவங்களில் ஒன்று. அதனால் இதை முழுக்க அடுத்தவர் வீட்டுக் கதை என்றும் நாம் ஒதுக்கிவிட முடியாது.

பிரெஞ்சுத் தளபதி சிறந்த பொருட்களைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கும் அரசி யூஜெனிக்கும் அனுப்பினார். யூஜெனி 1863இல் பிரான்சின் ஃபோந்தேன்ப்ளோ அரண்மனையில் அவற்றுக்கென்றே சீன அறைகள் அமைத்தார். இன்றும் இருக்கின்றன. 2015 மார்ச் 1 அதிகாலையில் அங்கே திருடர்கள் நுழைந்து, ஏழு நிமிஷத்துக்குள் பதினைந்து பொருட்களை எடுத்துக்கொண்டு போனார்கள், சியன்லோங் காலத்து எனாமல் மிருகம் ஒன்றும் அதில் போயிற்று. கொள்ளையில் வந்தது கொள்ளையில் போயிற்று என்று சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறைகளில் எது எங்கிருந்து எப்போது வந்தது என்று ஊருக்கே தெரியும், திருட்டுச் சந்தைக்குள் போனால் அந்தக் கதையைத்தான் முதலில் அழிப்பார்கள்.

இனி நீங்கள் பார்த்த மூன்று வரிப் பட்டியலுக்கு அண்ணன் முறையாகும் ஒரு பட்டியலைச் சொல்கிறேன். 2010 டிசம்பரில் ஹாங்காங்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் யோங்ஜெங் பேரரசர் காலத்து (1723–1735) எனாமல் தூபக்கால் ஜோடி ஒன்றை ஏலம் விட்டது, இரட்டை நாரை வடிவம். ஏறத்தாழ 12.9 கோடி ஹாங்காங் டாலருக்குப் போயிற்று. சீன க்ளுவாசோனேவுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. வேலைப்பாடு அபாரம், சந்தேகமே இல்லை. ஆனால் விலையில் பாதியாவது அதன் கைமாறிய வரலாற்றுக்குக் கொடுத்தது என்பேன், ஏனென்றால் அது ஃபோன்ட்ஹில் மாளிகையிலிருந்து வந்தது.

ஃபோன்ட்ஹில் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருக்கிறது. உரிமையாளர் ஆல்பிரட் மாரிசன் (1821–1897), துணி, நாடா வியாபாரத்தில் கோடீஸ்வரரான ஜேம்ஸ் மாரிசனின் மகன். அப்பா சம்பாதித்தார், மகன் சேகரித்தார். அவருடைய சீனப் பொருட்களில் ஒரு பெரிய பகுதி ஹென்றி லாக் என்பவரிடமிருந்து 1861 வாக்கில் வாங்கியது. யார் இந்த லாக்? எல்ஜின் பிரபுவின் அந்தரங்கச் செயலாளர், 1860 செப்டம்பரில் சீனர்களிடம் பிடிபட்டுச் சிறையில் கிடந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் ஒருவர். அரண்மனையைக் கொளுத்தியதற்குச் சொன்ன காரணத்திலேயே அவர் ஒரு பாத்திரம். லண்டன் சவுத் கென்சிங்டன் மியூசியத்துப் பொருட்களோடு மாரிசனின் சேகரிப்பையும் வைத்து வடிவமைப்பாளர் ஓவன் ஜோன்ஸ் 1867இல் சீன அலங்கார வடிவங்கள் பற்றி ஒரு படப்புத்தகமே போட்டார். பிறகு நூறு வருஷம் பொருட்கள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தன. 1971இல் ஒரு பகுதி ஏலத்துக்கு வந்தது, 2004இல் இன்னொரு பகுதி, 2010இல் இந்த நாரைகள்.

வாங்குகிறவருக்கு இது ஏன் தேன் மாதிரி இனிக்கிறது என்று யோசியுங்கள். 1861க்குப் பிறகு வெளிச்சத்தில் இருந்த சேகரிப்பு, ஆகவே 1900க்கு மேல் பெய்ஜிங் பட்டறைகளில் செய்த நகலாக இருக்க வழியில்லை. குடும்பம் மாறவில்லை, ஆகவே இடையில் திருட்டோ, நாஜிகள் யூதர்களிடமிருந்து பறித்த கதையோ வராது. இந்த இரண்டாவது பயம் சும்மா கிளப்புவது இல்லை. ஐரோப்பாவில் இருந்த எந்தப் பொருளுக்கும் 1933 முதல் 1945 வரை எங்கே இருந்தது என்று தனியாகக் கேட்பார்கள். பாரிஸ் வங்கியாளர் தவீத் தவீத்-வெய் தன் சீன எனாமல் சேகரிப்பை 1923இலேயே அங்குள்ள அலங்காரக் கலை மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார், அது பிழைத்தது. வீட்டில் வைத்திருந்த மற்ற கலைப்பொருட்களைப் போரின்போது நாஜிகள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆக, ஃபோன்ட்ஹில் பத்திரம் சுத்தம். ஆனால் நிலம் வாங்கிப் பழகியவர்களுக்கு உடனே ஒன்று உறுத்த வேண்டும்: தாய்ப்பத்திரம் எங்கே? பொருளின் தலைப்பில் 'பேரரசர்' இருக்கிறார், அதற்காகத்தான் அந்த விலை. கைமாறியவர்களின் பட்டியலில் அந்தப் பேரரசர் இல்லை. பட்டியல் 1860க்குப் பிறகு, ஓர் ஆங்கிலேயரிடமிருந்து தொடங்குகிறது, அதற்கு முந்தைய நூற்றுச் சொச்சம் வருஷம் அந்தத் தூபக்கால் மரத்தில் காய்த்துக்கொண்டிருந்த மாதிரி. மாரிசன் ஒருவரை மட்டும் குறை சொல்லவில்லை, இந்த வகைப் பட்டியல்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. உங்கள் பட்டியலில் 'சொல்லப்படுகிறது' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார்களே, அது இன்னும் கெட்டிக்காரத்தனம்: விலை ஏற அரண்மனை வேண்டும், கேள்வி வந்தால் 'நாங்கள் உறுதியாகச் சொல்லவில்லையே' என்று நழுவவும் வேண்டும்.

ஒரு காலத்தில் 'சீனப் பேரரசரின் கோடைக்கால அரண்மனையிலிருந்து' என்று சீட்டே எழுதி ஒட்டிப் பெருமையாக வைத்திருந்தார்கள். இன்று அந்தச் சீட்டு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. 2009இல் பாரிஸ் ஏலத்தில் அதே அரண்மனையின் வெண்கல எலித்தலையையும் முயல்தலையையும் அதிக விலை கேட்டு எடுத்த சீனர் ஒருவர், எடுத்துவிட்டுப் பணம் தர மாட்டேன் என்று அறிவித்தார், எதிர்ப்புக்காகத்தான் கேட்டாராம். அந்தத் தலைகள் 2013இல் சீனாவுக்குத் திரும்பின, அதுவும் பிரெஞ்சுத் தொழிலதிபர் பினோ குடும்பத்தின் நன்கொடையாக. சட்டத்தால் இதைச் செய்வது கஷ்டம், 1970 யுனெஸ்கோ உடன்படிக்கை பின்தேதியிட்டுச் செல்லாது. அதனால் 1860 பொருளை விற்பதைச் சட்டம் தடுப்பது அபூர்வம். வாங்கலாமா என்பது உங்கள் மனசைப் பொறுத்தது. நான் என்றால் அந்தச் சீட்டு ஒட்டிய பொருளை வாங்க மாட்டேன், மியூசியத்தில் போய்ப் பார்த்துக்கொள்வேன்.

தாய்ப்பத்திரம் தேடினால் கிடைக்கவே கிடைக்காதா என்றால், சில சமயம் கிடைக்கும். அரண்மனைப் பட்டறைகளின் வேலைக் குறிப்பேடுகள் 1723 முதல் இருக்கின்றன, என்ன பொருள் செய்யச் சொன்னார், எதைத் திருத்தச் சொன்னார் என்ற அளவுக்கு. சியன்லோங் காலத்து எனாமல்கள் சிலவற்றில் ஆட்சி முத்திரைக்குக் கீழே தனியாக ஓர் எழுத்து இருக்கும், சீனப் பிள்ளைகள் படிக்கிற ஆயிரம் எழுத்துப் பாடத்திலிருந்து வரிசைக்காக எடுத்தது. ஓவியம், வரைபடம்கூட உதவும். ஃபோன்ட்ஹில் பெயரையே தாங்கிய ஒரு சீனப் பீங்கான் ஜாடி டப்ளினில் இருக்கிறது (மாரிசனுக்கு முன் அந்த எஸ்டேட்டில் இருந்த பெக்ஃபோர்ட் வைத்திருந்தது), பதினான்காம் நூற்றாண்டுப் பொருள், ஐரோப்பாவில் பூட்டிய வெள்ளிப் பூண்களை இடையில் யாரோ கழற்றிவிட்டார்கள். 1713இல் வரைந்த ஒரு படத்தை வைத்துத்தான் இது அதுவே என்று கண்டுபிடித்தார்கள்.

இப்போது உங்கள் தூபக்காலுக்கு. ஏல நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அடித்தகட்டின் படமும், மூடியின் உட்புறப் படமும், கால் உடலோடு சேரும் இடத்தின் படமும் கேளுங்கள். இன்டர்போல் திருட்டுப் பட்டியலிலும், காணாமல்போன கலைப்பொருட்களைப் பதிந்துவைக்கும் ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டரிலும் சரிபார்த்தார்களா என்று கேளுங்கள். அப்புறம், 'சொல்லப்படுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, சொன்னது யார், எந்தக் காகிதத்தில், எந்த வருஷம் என்று கேளுங்கள். குடும்பத்துக் கடிதமோ, காப்பீட்டுப் பட்டியலோ, பழைய புகைப்படமோ ஒன்று இருந்தால் அனுப்பிவிடுவார்கள். பாட்டி சொன்னார் என்று பதில் வந்தால், அந்த முதல் வரியை அடித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் விலை போடுங்கள்.